வளரும் வயதில் உடல் உணர்வும் சமநிலையும்: நீலகிரிப் பெற்றோரும் பிள்ளைகளும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இந்தப் பக்கம் 10 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கும், அவர்களை வளர்ப்பவர்களுக்கும், பள்ளி உடற்பயிற்சி ஆசிரியர்களுக்கும் உரியது. உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் சமதளம் குறைவு. வீட்டு வாசலிலிருந்து பள்ளிவரை ஏற்றமும் இறக்கமும்தான். அதனால் பொதுவான விளக்கத்தோடு இங்குள்ள தரைக்கும் மழைக்கும் பொருந்தும் விவரங்களையும் சேர்த்திருக்கிறோம்.

எங்கள் மகனுக்கு 13 வயது. ஆறு மாதமாகத் தம்ளரைத் தட்டிவிடுகிறான், கதவில் இடித்துக்கொள்கிறான், படியில் தடுக்குகிறான். முன்பு இப்படி இல்லை. கவனமே இல்லாமல் போய்விட்டதா?

பெரும்பாலும் இது கவனக்குறைவு இல்லை. உடம்பு மாறிவிட்டது, அந்த மாற்றத்துக்கு மூளை இன்னும் பழகவில்லை. ஆண் பிள்ளைகள் வேகமாக வளரும் அந்த ஓர் ஆண்டில் 9 முதல் 10 செ.மீ. வரை உயர்வார்கள். பெரும்பாலும் அது 13, 14 வயதில் வரும். பெண் பிள்ளைகளுக்கு 11, 12 வயதிலேயே வந்துவிடும், ஆண்டுக்கு 8 செ.மீ. அளவில்.

உடம்பு எல்லா இடத்திலும் ஒன்றாக நீளாது. முதலில் பாதமும் கையும் பெரிதாகும். பிறகு கால் நீளும். முதுகு கடைசியில்தான் நீளும். ஷூ திடீரென்று பத்தாமல் போனால் வளர்ச்சி வேகமெடுத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். கால் நீண்டபின் அதே படியில் ஏற அதே அளவு தூக்கினால் விரல்நுனி விளிம்பில் இடிக்கும். உடம்பின் எடை மையமும் மேலே போயிருக்கும். அதைத் தாங்கும் தசைப் பலமோ உயரம் கூடிச் சில மாதம் கழித்துத்தான் வந்து சேரும். அந்த இடைவெளியில்தான் தம்ளர் கவிழ்கிறது.

திட்டினால் நிலைமை கெடும். 'பார்த்து நட, பார்த்து நட' என்று சொல்லச் சொல்லப் பிள்ளை ஒவ்வோர் அடியையும் யோசித்து வைக்கும். தானாக நடக்கவேண்டிய காரியத்தை யோசித்துச் செய்தால் கால் இன்னும் தடுமாறும்.

சமநிலை என்பது உடம்பில் எங்கே இருக்கிறது? காதுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

மூன்று இடங்களிலிருந்து வரும் செய்திகளை மூளை சேர்த்துப் பார்க்கிறது.

முதலாவது கண். நிமிர்ந்து நிற்கிறோமா, சாய்கிறோமா என்பதைச் சுற்றியுள்ள சுவர், மரம், தொடுவானம் ஆகியவற்றை வைத்துச் சொல்கிறது.

இரண்டாவது உட்செவி. அங்கே மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. தலை திரும்பும்போது உள்ளிருக்கும் திரவம் நகர்ந்து திருப்பத்தைத் தெரிவிக்கும். பக்கத்திலேயே இரண்டு சிறு பைகள். அவற்றில் மிக நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் உண்டு. தலை எந்தப் பக்கம் சாய்கிறது, உடம்பு எந்தப் பக்கம் வேகமெடுக்கிறது என்பதை அவை காட்டுகின்றன. உட்செவி பிறக்கும்போதே ஏறத்தாழ முழு அளவில் இருக்கும், ஆனால் அதன் செய்தியை நம்பி நடக்க மூளை கற்றுக்கொள்வது மூன்றிலும் கடைசியாகத்தான்.

மூன்றாவது, தசை, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண், மூட்டு, பாதத்தின் தோல் ஆகியவற்றில் உள்ள உணர்விகள். கண்ணை மூடிக்கொண்டு மூக்கைத் தொட முடிகிறதே, அது இவற்றின் வேலை. இதைத்தான் இங்கே உடல் உணர்வு என்கிறோம்.

இந்த மூன்றையும் ஒத்துப்பார்த்து அசைவை நேர்த்தியாக்குவதில் பெரிய பங்கு சிறுமூளைக்கு. பதின்ம வயதிலும் அது வளர்ந்துகொண்டிருக்கும். பெண் பிள்ளைகளுக்குச் சற்று முன்னதாகவும் ஆண் பிள்ளைகளுக்குப் பிந்தியும் முழு அளவை எட்டும்.

எந்த வயதில் பெரியவர்களைப் போல ஆகும்?

ஒரே தேதி கிடையாது. சமதளத்தில் கண் திறந்து நிற்பது 10, 12 வயதிலேயே நன்றாக வந்துவிடும். ஒரு செய்தி தவறாகவோ குறைவாகவோ வரும்போது அதை ஒதுக்கிவிட்டு மற்ற இரண்டை நம்பும் திறமைதான் தாமதமாக வருகிறது. 15, 16 வயதுவரை அது தேறிக்கொண்டே இருக்கும்.

இங்கே இது நேரடியாகத் தெரியும். பனிமூட்டம் இறங்கிப் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாதபோதும், மாலை இருட்டும்போதும் கண்ணிலிருந்து வரும் செய்தி குறைகிறது. பெரியவர்கள் காலின் உணர்வை நம்பி நடந்துவிடுவார்கள். 11 வயதுப் பிள்ளை அதே பாதையில் தடுமாறும். டியூஷன் முடிந்து ஆறரை மணிக்குத் திரும்பும் பிள்ளையிடம் கையில் பிடிக்கும் டார்ச்சைவிட நெற்றியில் மாட்டும் விளக்கைக் கொடுங்கள். இரண்டு கையும் வீசி நடக்க வேண்டும், சமநிலைக்கு அது உதவும்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்தத் தடுமாற்றம் வருமா? எவ்வளவு நாள் இருக்கும்?

வராது. நிறையப் பிள்ளைகள் எந்தத் தடுமாற்றமும் இல்லாமலே உயர்ந்துவிடுகிறார்கள். வருபவர்களுக்கும் பெரும்பாலும் சில மாதங்களில் இருந்து ஓர் ஆண்டுக்குள் சரியாகிவிடும். வளர்ச்சி வேகத்தைத் தெரிந்துகொள்ள மூன்று மாதத்துக்கு ஒருமுறை, காலை நேரத்தில், வெறுங்காலுடன் சுவரில் நிறுத்தி அளந்து குறித்து வையுங்கள். மாலையில் அளந்தால் ஒரு செ.மீ. குறைவாகக் காட்டக்கூடும். மூன்று மாதத்தில் 2 செ.மீ. அல்லது அதற்குமேல் கூடியிருந்தால் வேகமான கட்டம் என்று கொள்ளலாம். அந்தக் கட்டத்தில் விளையாட்டில் குதிப்பு, ஓட்டத்தின் அளவைக் கொஞ்சம் குறைத்து, கீழே சொல்லும் பயிற்சிகளைக் கூட்டுவது நல்லது.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாமா?

பார்க்கலாம். சுவரிலிருந்து ஒரு கை தூரத்தில், வெறுங்காலுடன், ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

ஒற்றைக் காலில், கையை இடுப்பில் வைத்துக் கண் திறந்து நிற்கட்டும். 12 வயதைத் தாண்டிய பெரும்பாலான பிள்ளைகளால் 30 விநாடி நிற்க முடியும். அதையே கண் மூடிச் செய்தால் நேரம் வெகுவாகக் குறையும். 10 விநாடி வந்தால் போதும், பதற வேண்டாம். இரண்டு காலுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

இன்னொன்று: தரையில் டேப் ஒட்டி, அதன் விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று, மறுகால் விரலால் முன்னே எவ்வளவு தூரம் எட்டித் தொடமுடிகிறது என்று அளக்கவும். நின்ற காலின் குதிகால் தரையை விட்டு எழக்கூடாது. மூன்று முறை செய்து நல்லதை எடுத்துக்கொள்ளுங்கள். வலது, இடது இரண்டுக்கும் 4 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் குறைவாக வரும் காலுக்குக் கூடுதல் பயிற்சி தேவை. பழைய சுளுக்கு சரியாக ஆறாத கால் பெரும்பாலும் இங்கே மாட்டிக்கொள்ளும்.

தினமும் என்ன பயிற்சி செய்யலாம்? மழைக்காலத்தில் வெளியே போக முடிவதில்லையே.

இதற்கு மைதானம் வேண்டாம். எஸ்டேட் லைன் வீட்டின் ஒற்றை அறையிலும் செய்யலாம். தேவையானவை ஒரு கம்பளி, ஒரு பந்து, ஒரு சுவர், பத்து நிமிடம். வாரத்தில் ஒருநாள் ஒரு மணிநேரம் செய்வதைவிடத் தினம் பத்து நிமிடம் பலன் தரும். வீட்டுக்குள் வெறுங்காலுடன் செய்ய வேண்டும். பாதத் தோல் தரையை உணர்வது பயிற்சியின் பாதி. வெளியே வெறுங்கால் வேண்டாம், ஈர மண்ணில் கொக்கிப்புழுவும் அட்டையும் உண்டு. தரை சில்லென்றிருந்தால் முதலில் பாதத்தை இரண்டு நிமிடம் தேய்த்துச் சூடாக்குங்கள். விறைத்த பாதம் தரையைச் சரியாக உணராது.

முதல் இரண்டு வாரம்: பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் 30 விநாடி, காலுக்கு மூன்று முறை. பிறகு தரையில் உள்ள ஒரு கோட்டின்மேல், முன்காலின் குதிகால் பின்காலின் விரலைத் தொடுமாறு 10 அடி முன்னே, 10 அடி பின்னே. பின்னே வருவதுதான் கடினம், அதை விட்டுவிடாதீர்கள்.

மூன்று, நான்காம் வாரம்: ஒற்றைக் காலில் நின்றபடி தலையை மெல்ல வலமும் இடமும் திருப்புதல், 10 முறை. இது உட்செவிக்கான வேலை. அடுத்து சுவர் ஓரமாகக் கண் மூடி 10 விநாடி, காலுக்கு ஐந்து முறை.

ஐந்து, ஆறாம் வாரம்: கம்பளியை நான்காக மடித்து அதன்மேல் ஒற்றைக் காலில் நின்று சுவரில் பந்தை அடித்துப் பிடித்தல், காலுக்கு 15 முறை. மெத்தென்ற தரையில் பாதத்தின் செய்தி மங்கிப்போகும், மற்ற இரண்டும் உழைத்தாக வேண்டும்.

அதற்குமேல், வலி ஏதும் இல்லாவிட்டால்: ஒற்றைக் காலில் முன்னே ஓர் அடி குதித்து, இறங்கிய இடத்தில் முழங்கால் மடித்து மூன்று விநாடி அசையாமல் நிற்றல். காலுக்கு ஐந்து. இறங்கும் சத்தம் கேட்கக்கூடாது. 'தொப்' என்று கேட்டால் முழங்கால் மடங்கவில்லை என்று அர்த்தம்.

எங்கே தவறு நடக்கிறது? மூச்சை அடக்கிக்கொள்வது, விரல்களைச் சுருட்டித் தரையைக் கவ்வுவது, பாதத்தையே குனிந்து பார்ப்பது, நன்றாக வரும் காலில் மட்டும் செய்வது. எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, முழங்கால் உள்பக்கமாகச் சரிவது. முழங்காலும் கால் இரண்டாம் விரலும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். கண்ணாடி முன் நிறுத்தினால் பிள்ளையே பார்த்துத் திருத்திக்கொள்ளும்.

சின்னப் பிள்ளைகளுக்கு இப்படி விநாடி எண்ணுவது சலிப்பாக இருக்கும். அவர்களைப் பாண்டி ஆட விடுங்கள். நொண்டியடித்துக் கட்டம் தாண்டி, குனிந்து சில்லை எடுத்து, திரும்பி வருவதில் மேலே சொன்னவற்றில் பாதி இருக்கிறது. சிலம்பத்தின் காலடி, பரதத்தின் அரைமண்டி, படுகர் ஆட்டத்தில் வட்டமாகச் சுற்றி வைக்கும் அடிகள் எல்லாமே நல்ல பயிற்சிதான். ஊரில் கற்றுக்கொடுக்க ஆள் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

மலைப் பிள்ளைகளுக்குச் சமநிலை இயல்பாகவே நன்றாக இருக்குமே, தனியாகப் பயிற்சி எதற்கு?

மேடுபள்ளத்தில் நடந்து வளரும் கணுக்காலுக்கு அனுபவம் அதிகம் என்பது உண்மை. ஆனால் அந்த நடை குறைந்துவிட்டது. தேயிலைக் காட்டுக் குறுக்குப் பாதையில் நடந்து பள்ளிக்குப் போன இடத்தில் இப்போது ஜீப்பும் வேனும் போகின்றன. மீதி நேரம் போன். 5 முதல் 17 வயதுக்குத் தினம் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் உடல் அசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மலையில் வசிப்பதால் மட்டும் அது நிறைந்துவிடாது. வேன் பள்ளி வாசல்வரை போகாமல் ஒரு கிலோமீட்டர் முன்னால் நின்றால், பாதை பாதுகாப்பாக இருக்கும் இடத்தில், அதுவே பெரிய உதவி. உயரத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கேயே வாழும் பிள்ளையின் சமநிலையை அந்த உயரம் கெடுக்காது.

ஏறும்போது விழுவதில்லை. இறங்கும்போதுதான் வழுக்கி விழுகிறார்கள். ஏன்?

இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்க வேண்டும். சுருங்கி உடம்பைத் தூக்குவதைவிட இதில் கட்டுப்பாடு கூடுதலாக வேண்டும். கால் புதிதாக நீண்ட பிள்ளைக்கு அந்தக் கட்டுப்பாடு இன்னும் வரவில்லை. பயத்தில் பின்னால் சாய்கிறார்கள். சாய்ந்தால் எடை குதிகாலின் பின்னே போய், கால் முன்னே வழுக்கிக்கொண்டு ஓடும்.

சொல்லிக்கொடுக்க வேண்டியவை: முழங்காலை எப்போதும் லேசாக மடித்து வைக்க வேண்டும். அடி குட்டையாக இருக்க வேண்டும், தன் பாதத்தின் நீளத்துக்கு மேல் வேண்டாம். பாதம் முழுதும் தரையில் படியட்டும். மார்பு சற்றே முன்னே இருக்கட்டும். பார்வை மூன்று நான்கு அடி முன்னால் போகட்டும். மிகச் செங்குத்தான இடத்தில் பக்கவாட்டாகத் திரும்பி இறங்கலாம். இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு இறங்கவே கூடாது. குளிர் காலத்தில் பிள்ளைகள் அதிகம் செய்வது இதைத்தான், கையுறை வாங்கிக் கொடுங்கள்.

வழுக்கும் இடங்களையும் காட்டிக்கொடுங்கள்: பாசி பிடித்த சிமென்ட் படி, நனைந்த சில்வர் ஓக் இலைக் குவியல், உரிந்து விழுந்த யூகலிப்டஸ் பட்டை, டிசம்பர் ஜனவரியில் உறைபனி விழுந்த காலைப் புல். பள்ளிப் படிகளில் பாசியை மழைக்கு முன்பே பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து எடுப்பது எந்தப் பயிற்சியையும்விட உடனே பலன் தரும்.

வளர்கிறானே என்று ஷூ ஒரு சைஸ் பெரிதாக வாங்குகிறோம். சரியா?

வேண்டாம். ஏற்கனவே பெரிதாகிவிட்ட பாதத்துக்குப் பழகிக்கொண்டிருக்கும் மூளைக்கு இன்னொரு குழப்பம் அது. நீண்ட விரலுக்கும் ஷூ நுனிக்கும் இடையே கட்டைவிரல் அகலம் இருந்தால் போதும். குதிகால் மேலெழுந்து கழலக்கூடாது. மாலையில், பள்ளிக்குப் போடும் சாக்ஸோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள். அடிப்பாகத்தில் ஆழமான வெட்டுகள் இருக்கட்டும். தேய்ந்து வழவழப்பான ஷூ இந்த ஊருக்கு ஆகாது, மேல்பாகம் நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

புத்தகப் பை?

2020-ல் மத்திய அரசு வெளியிட்ட பள்ளிப் பைக் கொள்கைப்படி உடல் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. 40 கிலோ பிள்ளைக்கு 4 கிலோ. இரண்டு வாரும் தோளில், பை இடுப்புக்குக் கீழே தொங்காமல், கனமான புத்தகம் முதுகை ஒட்டி. ஒரே தோளில் மாட்டிக்கொண்டு இறக்கத்தில் இறங்குவது விழுவதற்கான வழி.

முழங்காலுக்குக் கீழே புடைப்பும் வலியும் இருக்கிறது. வளர்ச்சி வலி என்று விட்டுவிடலாமா?

முழங்கால் சில்லுக்குக் கீழே, கீழ்க்கால் எலும்பின் முன்மேட்டில் வலித்து, ஓடினால் குதித்தால் படி இறங்கினால் கூடினால், தொடைத் தசைநாண் அந்த வளரும் இடத்தை இழுப்பதால் வரும் வலியாக இருக்கலாம். 10 முதல் 15 வயதில், விளையாடும் பிள்ளைகளுக்கு அதிகம். குதிகாலின் பின்புறமும் இதேபோல் வலிப்பதுண்டு, அது சற்று இளைய வயதில். இரண்டும் வளர்ச்சி முடியும்போது அடங்கும். விளையாட்டை ஒரேயடியாக நிறுத்த வேண்டியதில்லை, நொண்டாமல் விளையாடும் அளவுக்குக் குறைத்தால் போதும்.

ஒன்றை மட்டும் தவறவிடாதீர்கள். இடுப்பிலோ தொடையிலோ முழங்காலிலோ வலியோடு பிள்ளை நொண்டுகிறது, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது என்றால், தொடை எலும்பின் தலைப்பகுதி வளர்ச்சித் தட்டில் (எலும்பு நீளும் இடத்திலுள்ள குருத்தெலும்பு அடுக்கு) நழுவியிருக்கக்கூடும். உடல் எடை கூடிய பிள்ளைகளுக்கு அதிகம் வரும். சில சமயம் வலி முழங்காலில் மட்டும் தெரிவதால் இடுப்பை யாரும் பார்ப்பதில்லை. காலை ஊன்ற விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

கணுக்கால் பிசகினால் எண்ணெய் போட்டுச் சுளுக்கு எடுக்கலாமா?

வளரும் வயதில் வேண்டவே வேண்டாம். இந்த வயதில் எலும்புகளைப் பிணைக்கும் தசைநாரைவிட எலும்பின் வளர்ச்சித் தட்டு பலவீனமானது. பெரியவர்களுக்குச் சுளுக்காக முடியும் அடி பிள்ளைகளுக்கு எலும்பு முறிவாக இருக்கலாம். அதை உருவி இழுத்தால் வளர்ச்சியே பாதிக்கப்படலாம். நான்கு அடி நடக்க முடியவில்லை, அல்லது கணுக்கால் எலும்பை விரலால் அழுத்தினால் வலிக்கிறது என்றால் எக்ஸ்ரே எடுங்கள். இல்லாவிட்டால் துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம், காலை உயர்த்தி வைத்தல், இறுக்கமில்லாத கட்டு.

வீக்கம் வற்றியதும் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். சுளுக்கியபோது அந்த மூட்டின் உணர்விகளும் பாதிக்கப்பட்டிருக்கும், அதனால்தான் அதே கால் திரும்பத் திரும்பப் பிசகுகிறது. வலியில்லாமல் நடக்க வந்த நாளிலிருந்து மேலே சொன்ன ஆறு வாரப் பயிற்சியை முதலிலிருந்து செய்யுங்கள்.

எனக்கு 13 வயது. போன வருஷம்வரை பள்ளி கபடி டீமில் இருந்தேன். வயதுக்கு வந்தபின் வீட்டில் வேண்டாம் என்கிறார்கள். நானும் முன்புபோல் குதிக்க முடியவில்லை.

உன் உடம்பில் எந்தக் கெடுதலும் இல்லை. உயரமும் எடையும் இடுப்பின் அகலமும் மாறியிருக்கின்றன, பழைய பலத்தோடு புதிய உடம்பைத் தூக்குகிறாய். பலத்தைக் கூட்டினால் குதிப்பு திரும்பி வரும்.

பெற்றோருக்கு: இந்த வயதில் நிறுத்துவது தவறு என்றே சொல்வோம். எலும்பு உறுதியாகும் ஆண்டுகள் இவை. பூப்படைந்தபின் பெண் பிள்ளைகளுக்குக் குதித்து இறங்கும்போது முழங்கால் உள்ளே சரியும் பழக்கம் வரக்கூடும், முழங்காலின் முன் குறுக்குத் தசைநார் அறுந்துபோகும் ஆபத்தும் அவர்களுக்கு அதிகம். அதற்குத் தீர்வு இறங்கும் முறையைப் பழக்குவது. ஃபிஃபாவின் '11+' என்ற 20 நிமிட வார்ம் அப் இதற்காகவே அமைந்தது. ஓட்டம், பலம், குதிப்பு, சமநிலை எல்லாம் அதில் உண்டு. கால்பந்துக்கு என்று வந்தாலும் கபடி, கோ-கோ டீமுக்கும் பொருந்தும். மாதவிடாய் நாட்களில் உடம்பு ஒத்துழைத்தால் விளையாடலாம்.

மேட்டுப்பாளையம் இறங்கும்போது பஸ்ஸில் வாந்தி எடுக்கிறாள். சமநிலைக் கோளாறா?

இல்லை. வளைவுகளில் உட்செவி திருப்பத்தைச் சொல்கிறது, முன்சீட்டையோ போனையோ பார்க்கும் கண் 'அசைவே இல்லை' என்கிறது. முரண்பாட்டில் வயிறு புரட்டுகிறது. பதின்ம வயது முடியும்போது பலருக்குக் குறைந்துவிடும். முன்பக்கச் சீட்டில் உட்கார்ந்து, சாலையைத் தூரமாகப் பார்த்து, போனைப் பைக்குள் வைத்துக்கொள்ளட்டும். காலி வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது.

படுக்கையிலிருந்து எழுந்தால் கண் இருட்டுகிறது.

உயரமாக வளரும் பிள்ளைகளுக்கு எழுந்தவுடன் ரத்த அழுத்தம் சற்றுக் குறைவதால் வரும். உட்கார்ந்து அரை நிமிடம் கழித்து எழட்டும், தண்ணீர் போதிய அளவு குடிக்கட்டும். குளிர் ஊரில் தாகம் தெரியாது என்பதால் தண்ணீர் குறைந்துவிடுகிறது. தொடர்ந்தால் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும், முக்கியமாகப் பெண் பிள்ளைகளுக்கு. 13 வயதுக்குமேல் 8 முதல் 10 மணிநேரத் தூக்கமும் தேவை. பகலில் பழகிய அசைவுகள் படிவதற்குத் தூக்கம் உதவும்.

எப்போது டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்?

தடுமாற்றம் மாதாமாதம் கூடிக்கொண்டே போனால். நடக்கும்போது கால்களை அகட்டி வைத்தால். பேச்சு குழறினால், கையெழுத்து திடீரென்று கெட்டால், ஒரு பக்கம் மட்டும் பலம் குறைந்தால். காலையில் தலைவலியும் வாந்தியும் சேர்ந்து வந்தால். காது இரைச்சல், கேட்காமை, சுழலும் தலைசுற்றல் வந்தால். ஒரு தடவையாவது நினைவு தப்பினால். தலையில் அடிபட்டபின் தடுமாறினால் அன்றைக்கே. குனிந்து பாதத்தைத் தொடச் சொல்லிப் பின்னாலிருந்து பார்க்கும்போது முதுகின் ஒரு பக்கம் மேடாகத் தெரிந்தால் முதுகெலும்பு வளைவு இருக்கலாம், அதையும் தள்ளிப்போடாதீர்கள். சிறுவயதிலிருந்தே பட்டன் போட, பந்து பிடிக்க, சைக்கிள் ஓட்டச் சிரமப்பட்ட பிள்ளைக்கு இது வளர்ச்சி வேகத்தால் வந்ததில்லை. இயக்க ஒருங்கிணைப்புக் குறைபாடாக இருக்கலாம், பயிற்சி சிகிச்சையால் நல்ல முன்னேற்றம் வரும்.

அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு ஆர்.பி.எஸ்.கே. என்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் 18 வயதுவரையுள்ள பிள்ளைகளைப் பரிசோதிக்க மருத்துவக் குழு வரும். வரும் நாளை ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, உங்கள் சந்தேகத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். எந்த மாதம் தொடங்கியது, ஏற்றத்திலா இறக்கத்திலா, வெளிச்சத்திலுமா இருட்டில் மட்டுமா, எந்தக் கால், உயர அளவுகள் என்னென்ன. நடையை முன்னிருந்தும் பின்னிருந்தும் போனில் அரை நிமிடம் வீடியோ எடுத்து வைத்திருந்தால் டாக்டருக்கு அது பெரிதும் உதவும்.